கிறுக்குத்தனத்தை நிறுத்த வந்த கர்னல்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் தொலைக்காட்சி நகைச்சுவை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, பிபிசியின் ‘மான்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்’ நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப வரும் கர்னல் பாத்திரத்தை இரண்டு வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குறுநாடகத்தின் நடுவே நுழைந்து, இது போதும் என்று நிறுத்திவிட்டுப் போகும் அந்த ராணுவ அதிகாரியைப் பற்றி விரிவாக எழுதும்படி பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அந்த நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை. அது எப்போது வந்தது, இந்தக் கர்னல் அதில் என்ன செய்கிறார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– மதுரை வாசகர்

பதில்: ‘மான்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்’ 1969 அக்டோபர் 5 அன்று பிபிசி 1 அலைவரிசையில் தொடங்கி, 1974 டிசம்பர் வரை நான்கு தொடர்களாக, மொத்தம் 45 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று. கிரஹாம் சாப்மன், ஜான் கிளீஸ், எரிக் ஐடில், டெர்ரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் ஆகிய ஐந்து பிரிட்டிஷ்காரர்களும் டெர்ரி கில்லியம் என்ற அமெரிக்க ஓவியரும் சேர்ந்து அதை எழுதினார்கள், நடித்தார்கள். நான்காவது தொடரில் மட்டும் கிளீஸ் நடிக்கவில்லை. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ அரை மணி நேரம் நீளும். அதற்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததுபோல் தோன்றும் பல குறுநாடகங்கள் வரும்.

கர்னலாக நடித்தவர் கிரஹாம் சாப்மன். ராணுவச் சீருடையும் தொப்பியும் அணிந்து, விறைப்பாக நின்று, நடந்துகொண்டிருக்கும் காட்சி கிறுக்குத்தனமாகப் போய்விட்டது என்று அறிவித்து அதை நிறுத்துவதுதான் அவருடைய வேலை. அவர் சிரிப்பதில்லை, யாரையும் சிரிக்க வைக்க முயல்வதாகவும் காட்டிக்கொள்வதில்லை. நிகழ்ச்சியில் ஒழுங்கு காக்க வேண்டிய பொறுப்பு தன்னுடையது என்று உளமார நம்புகிறவராகவே அவர் வருகிறார்.

கேள்வி: கல்லூரி நாடகக் குழுவில் எனக்கு எப்போதும் ‘ஸ்ட்ரெய்ட் மேன்’ வேடம்தான் தருகிறார்கள். கைத்தட்டல் எல்லாம் பக்கத்தில் நிற்பவருக்கே போகிறது. சும்மா நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதில் என்ன நடிப்பு இருக்கிறது?
– திருச்சி வாசகி

பதில்: உங்கள் மனக்குறை புரிகிறது; ஆனால் உங்கள் இயக்குநர் உங்கள் மீது வைத்திருக்கும் நம்பிக்கையை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நகைச்சுவை இரட்டையர்களில் கோமாளித்தனம் செய்யாமல், இயல்பான மனிதராக நின்று, கேள்வி கேட்டு, அதிர்ச்சி அடைந்து, மற்றவரின் பேச்சுக்குத் தளம் அமைத்துக் கொடுப்பவரைத்தான் ஸ்ட்ரெய்ட் மேன் என்கிறார்கள். அமெரிக்க மேடைகளில் இந்த வேலையின் மதிப்பு நன்றாகவே தெரிந்திருந்தது. பட் அபட், லூ காஸ்டெல்லோ இணையில் ரசிகர்களைச் சிரிக்க வைத்தவர் காஸ்டெல்லோ. ஆனால் தொடக்க காலத்தில் வருமானத்தில் 60 விழுக்காடு ஸ்ட்ரெய்ட் மேனான அபட்டுக்கும் 40 விழுக்காடு காஸ்டெல்லோவுக்கும் போயிற்று. நல்ல கோமாளி கிடைப்பதைவிட நல்ல ஸ்ட்ரெய்ட் மேன் கிடைப்பது அரிது என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்களின் கணக்கு.

ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேஸி ஆலன் தம்பதியின் கதை இன்னும் தெளிவானது. மேடையில் சேர்ந்து தொடங்கியபோது நகைச்சுவை வசனங்களைப் பர்ன்ஸ் தமக்கே எழுதிக்கொண்டார். கிரேஸி வெறுமனே கேள்விகள் கேட்பார். ஆனால் பார்வையாளர்கள் கிரேஸியின் கேள்விகளுக்கே சிரித்தார்கள். பர்ன்ஸ் உடனே இடத்தை மாற்றிக்கொண்டு, கேள்வி கேட்பவராகத் தாம் ஒதுங்கி நின்றார். பிறகு பல பத்தாண்டுகள், மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும், அந்த இடத்திலேயே நின்றார். அந்த முடிவை எடுக்கத் தெரிந்தவர் நடிப்பின் நுட்பம் அறியாதவராக இருக்க முடியாது.

சும்மா நிற்பதாக நீங்கள் சொல்வது உண்மையில் மூன்று வேலைகள். எடுத்துக் கொடுக்கும் வசனம் கடைசி வரிசைக்கும் ஓர் எழுத்து விடாமல் கேட்க வேண்டும். அது மங்கினால் அடுத்து வரும் வேடிக்கை யாருக்கும் புரியாது. அரங்கில் சிரிப்பு எழுந்தால் அது உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கும் வரை காத்திருந்து, முற்றிலும் அடங்குவதற்குச் சற்று முன்னால் அடுத்த வசனத்தைத் தொடங்க வேண்டும். முந்தினால் வசனம் சிரிப்பில் மூழ்கும், பிந்தினால் அரங்கு சோர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரில் நடப்பதை உண்மையாகவே நம்ப வேண்டும். பாடகர் எவ்வளவு சங்கதி போட்டாலும் தாளம் போடுகிற கை பிசகினால் கச்சேரி குலைந்துவிடுவதுபோல, ஸ்ட்ரெய்ட் மேனின் நம்பிக்கை ஒரு கணம் தளர்ந்தாலும் கோமாளியின் கோமாளித்தனம் வெறும் சேட்டையாகத் தெரியத் தொடங்கும்.

கேள்வி: அப்படியானால் கர்னலும் வழக்கமான ஸ்ட்ரெய்ட் மேன்தானே? அவரிடம் புதிதாக என்ன இருக்கிறது?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான ஸ்ட்ரெய்ட் மேன் காட்சிக்குள் சிக்கிக்கொண்டவர். கோமாளி என்ன செய்தாலும் அவர் தாங்கிக்கொள்ள வேண்டும். கோபப்படலாம், கெஞ்சலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம், ஆனால் வெளியேற முடியாது. கர்னலுக்கோ காட்சியையே நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது. கதைக்குள் ஒரு பாத்திரமாக நின்றுகொண்டே, கேமராவுக்கும் இயக்குநருக்கும் அவர் கட்டளையிடுகிறார்; அவர்களும் கீழ்ப்படிகிறார்கள்.

1969 டிசம்பர் 7 அன்று ஒளிபரப்பான முதல் தொடரின் எட்டாவது பகுதியை எடுத்துக்கொள்வோம். கர்னல் வேர்விட்டது அந்தப் பகுதியில்தான். முதலில் அவர் தம் அலுவலக மேசையின் பின்னால் உட்கார்ந்திருக்கும் சாதாரண அதிகாரியாக அறிமுகமாகிறார். வாட்கின்ஸ் என்ற சிப்பாய் வந்து, ராணுவத்தை விட்டு விலக அனுமதி கேட்கிறான். காரணம், இங்கே நிஜத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், ஆபத்தாக இருக்கிறது என்பது. அவன் சேர்ந்தது முந்தின நாள்தான். நீர்ச்சறுக்கு விளையாடலாம், ஊர் சுற்றலாம் என்று நம்பிச் சேர்ந்தவன், கொலை வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிடச் சொன்னதாகவும் முறையிடுகிறான். நீ அமைதிவாதியா என்று கர்னல் கேட்க, இல்லை, கோழை என்று பணிவோடு பதில் சொல்கிறான். இதுவரை கர்னல் பாட நூலில் உள்ளபடியான ஸ்ட்ரெய்ட் மேன்: கேள்வி கேட்கிறார், பதில் வாங்குகிறார், முகம் சுளிக்கிறார்.

பிறகு வெர்காட்டி சகோதரர்கள் என்ற இரண்டு ரவுடிகள் வருகிறார்கள். கடைக்காரர்களை மிரட்டி மாமூல் வாங்கும் கும்பலின் தோரணையில், உங்கள் ராணுவ முகாம் நன்றாக இருக்கிறது, இதற்கு ஏதாவது ஆகிவிட்டால் பரிதாபம் அல்லவா என்று பேச்சைத் தொடங்கி, டாங்கிகள் உடைந்துபோகக்கூடும் என்று நாசூக்காக எச்சரித்து, வாராவாரம் பணம் கொடுத்தால் பாதுகாப்பு அளிப்பதாகச் சொல்கிறார்கள். ராணுவத்துக்கே ரவுடிகள் பாதுகாப்பு விற்கும் இந்த இடத்தில்தான் கர்னல் நிமிர்ந்து, காட்சியை நிறுத்துகிறார். அவர் அடுக்கும் காரணங்களைக் கவனியுங்கள். முழுக் கருத்துமே கிறுக்குத்தனமாக இருக்கிறது, எழுதியிருப்பதும் மோசம், இங்கே பதவியில் மூத்தவர் அவர், ஆனால் இதுவரை அவருக்கு ஒரு வேடிக்கையான வசனம்கூடத் தரப்படவில்லை.

மூன்றாவது காரணத்தில்தான் இந்தப் பாத்திரத்தின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. முதல் இரண்டும் நாகரிகமான ஒரு விமரிசகர் சொல்லக்கூடியவை. மூன்றாவது, காலங்காலமாக எல்லா ஸ்ட்ரெய்ட் மேன்களும் மனத்துக்குள் அடக்கிவைத்திருந்த ஆதங்கம். திருச்சி வாசகி மேலே எழுதியிருப்பதும் அதுதான். அதைக் கர்னல் பதவி மூப்பின் அடிப்படையிலான உரிமைக் கோரிக்கையாக, பதவி உயர்வு கேட்பதுபோல் முன்வைக்கிறார். நகைச்சுவை வசனமும் ரேஷன் பொருள்போலப் பதவிக்கேற்ப அளந்து தரப்பட வேண்டியது என்று நம்பும் ஒரு மனிதர் நம் முன்னால் நிற்கிறார். வேடிக்கை வசனம் கிடைக்கவில்லை என்ற புகாரே அவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த வேடிக்கை வசனமாகிவிடுகிறது. அது அவருக்கு மட்டும் தெரிவதில்லை.

இத்தோடு முடியவில்லை. அதே பகுதியில் கட்டில் வாங்கும் காட்சி ஒன்று வருகிறது. கடையில் உள்ள லாம்பர்ட் என்ற விற்பனையாளர், ‘மெத்தை’ என்ற சொல்லைக் கேட்டதும் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொள்கிறார். அவரை வெளியே கொண்டுவர மற்றவர்கள் தேயிலைப் பெட்டிக்குள் நின்று பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது. அது முடிந்ததும் கர்னல் திரையில் தோன்றி, நிகழ்ச்சி கிறுக்குத்தனமாகிக்கொண்டே போகிறது, அந்தக் கட்டில் காட்சி எல்லாவற்றையும்விட மோசம் என்று கண்டிக்கிறார். காகிதப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற லாம்பர்டும் சாப்மன்தான். சற்றுமுன் உச்சக்கட்டக் கிறுக்குத்தனம் செய்த அதே மனிதர் சீருடை மாட்டிக்கொண்டு வந்து அதையே கண்டிக்கும்போது, அந்தக் கண்டனத்தில் நடிப்பின் சுவடே இல்லை. நல்ல சிரிப்பை என்னைவிட விரும்புகிறவர் யாரும் இல்லை என்று அவர் பெருமிதத்தோடு தொடங்கி, என் மனைவியைத் தவிர, அவளுடைய தோழிகள் சிலரைத் தவிர, இன்னொரு கேப்டனைத் தவிர என்று நேர்மையாகக் கழித்துக்கொண்டே வந்து, யோசித்துப் பார்த்தால் பெரும்பாலோர் என்னைவிட அதிகம் விரும்புகிறார்கள் என்ற முடிவுக்கு வந்து சேர்வதும் இங்கேதான். உண்மை பேச வேண்டும் என்ற ராணுவ ஒழுக்கமே அவர் பேச்சைக் கவிழ்த்துவிடுகிறது.

பிறகு, திறந்த வெளியில் ஆரோக்கியமான ஒரு காட்சி வேண்டும் என்று அவரே ஆணையிடுகிறார். மலைப்பகுதியில் இரண்டு துறவிகள் அக்கம்பக்கத்துக் குடும்பத்தினரைப்போல ஊர்க்கதை பேசும் காட்சி வருகிறது. தனிமையைத் தேடிப் போனவர்கள் இப்படிக் கூடிப் பேசலாமா? கர்னல் மலைக்கே வந்து அதையும் நிறுத்துகிறார். இது ஏற்கெனவே படமாக்கப்பட்டது, இதை எப்படி நிறுத்த முடியும் என்று ஒரு துறவி நியாயம் கேட்கிறார். வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதனால் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு, எல்லாரையும் அங்கிருந்து விரட்டுகிறார். கேமரா பின்வாங்க, படப்பிடிப்புக் குழுவும் நம் கண்ணில் படுகிறது. ஸ்டுடியோவில் நடப்பதை நிறுத்துவது ஒன்று. சுருளில் பதிவாகிவிட்டதையும் அதிகாரத்தால் நிறுத்தலாம் என்று நம்புவது இன்னொன்று.

கேள்வி: ஒழுங்காக ஒரு முடிவு எழுதத் தெரியாமல்தான் நடுவில் ஆளை விட்டு நிறுத்தினார்கள் என்று என் நண்பர் வாதிடுகிறார். அது சரியா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வதை அந்தக் குறுநாடகமே சொல்லிவிடுகிறது. கர்னல் நிறுத்தியதும், முத்தாய்ப்பு வசனம் தோன்றாததால்தானே நிறுத்துகிறீர்கள் என்று வெர்காட்டிகள் கேட்கிறார்கள். கர்னல் அதைக் கடுமையாக மறுத்துவிட்டு, கேலிச்சித்திரத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அடுத்ததற்குத் தாவுகிறார். ஆக, எழுதியவர்கள் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் தெரியாமல் செய்தார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஐந்து பிரிட்டிஷ்காரர்களும் பைத்தானுக்கு முன்பு, 1966, 1967 ஆண்டுகளில், பிபிசியின் ‘தி ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்’ நிகழ்ச்சிக்கு எழுதியவர்கள். அங்கே ஒவ்வொரு குறுநாடகமும் ஒரு முத்தாய்ப்பில் முடிந்தாக வேண்டும். அந்தத் தொழிலை அவர்கள் நன்றாகவே கற்றிருந்தார்கள். கற்றதனால்தான் அதன் குறையும் தெரிந்திருந்தது. மூன்று நிமிடம் அருமையாக வளர்ந்த ஒரு கற்பனை, கடைசி வரி பலவீனமாக இருந்தால் மொத்தமாகச் சப்பென்று ஆகிவிடும். சில நேரங்களில் நல்ல கடைசி வரி கிடைக்காத ஒரே காரணத்துக்காக நல்ல கற்பனையே குப்பைக்குப் போகும்.

1969 மார்ச்சில் பிபிசி 2 அலைவரிசையில் நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகனின் ‘கியூ 5’ நிகழ்ச்சி தொடங்கியது. முடிவே இல்லாமல் காட்சிகளைக் கைவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் துணிச்சல் அதில் இருந்தது. தாங்கள் செய்ய நினைத்ததை மில்லிகன் முந்திக்கொண்டு செய்துவிட்டார் என்ற எண்ணம் இவர்களுக்கு ஏற்பட்டது; டெர்ரி ஜோன்ஸ் இதைப் பிற்காலத்தில் பல முறை சொல்லியிருக்கிறார். ‘கியூ 5’ நிகழ்ச்சியை இயக்கிய இயன் மெக்நாட்டனையே தங்களுக்கும் இயக்குநராகக் கேட்டுப் பெற்றார்கள். ஆனால் மில்லிகன் செய்ததை அப்படியே செய்யவில்லை. அவர் கைவிட்ட இடத்தில், காட்சியிலிருந்து காட்சிக்குக் கடப்பதையே ஒரு கலையாக இவர்கள் வளர்த்தார்கள். கில்லியமின் அசைபடங்கள் ஒரு காட்சியின் வாலைப் பிடித்து இன்னொன்றின் தலையில் ஒட்டும். வயலின் நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அறிவிப்பாளராகக் கிளீஸ் வருவார். இரும்புக் கவசம் அணிந்த வீரர் ஒருவர் ரப்பர் கோழியால் தலையில் அடித்துப் பேச்சை முடிப்பார். மேலிருந்து 16 டன் எடைக்கல் விழும்.

இவற்றில் கர்னல் மட்டும் வேறு வகை. எடைக்கல்லும் கோழியும் வெறும் தாக்குதல்கள். அவற்றுக்குக் காரணம் கிடையாது. கர்னல் காரணம் சொல்கிறார். புகழ்பெற்ற கிளிக் குறுநாடகமும் இதே எட்டாவது பகுதியில்தான் வருகிறது: செத்த கிளியை விற்ற கடைக்காரரிடம் வாடிக்கையாளர் வாதாடும் அந்தக் காட்சி, சிக்கலுக்கு மேல் சிக்கலாக வளர்ந்து, வாடிக்கையாளரே இது ரொம்பக் கிறுக்குத்தனமாகிவிட்டது என்று அலுத்துக்கொள்ளும்போது, கர்னல் வந்து அதை ஆமோதித்து முடித்துவைக்கிறார். வயதான பாட்டிமார் கும்பலாகச் சேர்ந்து இளைஞர்களைத் தாக்கும் படக்காட்சியை நிறுத்தும்போது, தொடக்கத்தில் இது ஒரு நல்ல கருத்தாக இருந்தது, பிறகு கெட்டுவிட்டது என்று நியாயமாக ஒப்புக்கொள்கிறார். கையோடு, பெயர்ப்பலகைகள் சரியாகச் செய்யப்படவில்லை, பாதிரியாராக நடிப்பவருக்கு முடி நீளம் என்று பட்டியலும் போடுகிறார். அணிவகுப்பைப் பார்வையிடும் அதிகாரியின் கண்களால் நகைச்சுவையைப் பார்க்கிறார். அந்தப் பார்வையே முத்தாய்ப்பின் இடத்தை நிரப்பிவிடுகிறது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற படைவீரன். ராணுவ அதிகாரியைக் கேலிப்பொருளாக்குவது எனக்கு உவப்பாக இல்லை. வேறு எந்த வேடத்தையாவது தேர்ந்தெடுத்திருக்கக் கூடாதா?
– வேலூர் வாசகர்

பதில்: உங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் காட்சிகளை ஒருமுறை பார்க்கும்படி உங்களிடமே கேட்டுக்கொள்வேன். கர்னலை அங்கே யாரும் அவமதிப்பதில்லை. அவர் கோழையல்லர், முட்டாளல்லர், லஞ்சம் வாங்குபவரும் அல்லர். அவர் சொல்வதை எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டாவது கேட்கிறார்கள். அவருடைய ஒழுக்கத்தை அந்த நிகழ்ச்சி பழிக்கவில்லை. ஒழுக்கத்தைக் கொண்டு ஆள முடியாத ஓர் இடத்துக்கு அவரை அனுப்பி என்ன நடக்கிறது என்று பார்க்கிறது.

சீருடையைத் தேர்ந்தெடுத்ததற்கு அன்றைய பிரிட்டனில் வலுவான காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் அங்கே இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை தொடர்ந்தது. கடைசி அழைப்பு 1960-இல் போயிற்று, கடைசி வீரர்கள் 1963-இல் வீடு திரும்பினார்கள். ஆகவே 1969-இல் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த குடும்பங்களில், அந்தக் குரலுக்கு முன்னால் விறைத்து நின்ற அப்பாக்களும் அண்ணன்மார்களும் ஏராளமாக இருந்தார்கள். பைத்தான் குழுவினரோ அந்தச் சேவையிலிருந்து மயிரிழையில் தப்பிய தலைமுறை. 1939 அக்டோபர் தொடக்கத்துக்குப் பிறகு பிறந்தவர்கள் அழைக்கப்படவில்லை. குழுவில் மூத்தவரான கிளீஸ் பிறந்தது 1939 அக்டோபர் 27. அந்த அதிகாரக் குரலை ஊரெங்கும் கேட்டு வளர்ந்து, ஆனால் அதன் கீழ் ஒரு நாளும் பணியாற்றாதவர்கள் என்பதால் அவர்களால் அதை அச்சமின்றியும் துல்லியமாகவும் எழுத முடிந்தது.

தொலைக்காட்சியின் ஒழுக்கம் குறித்தே அப்போது பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. மேரி வைட்ஹவுஸ் 1965-இல் தொடங்கிய பார்வையாளர் சங்கம் பிபிசியின் நிகழ்ச்சிகளைக் கண்டித்து இடைவிடாமல் பிரசாரம் செய்தது. இது போதும், நிறுத்துங்கள் என்று வெளியிலிருந்து பலர் குரல் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் குரலுக்கு நிகழ்ச்சிக்குள்ளேயே ஒரு சீருடையும் பதவியும் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

கேள்வி: கிரஹாம் சாப்மன் ஒரு மருத்துவர் என்கிறார்களே, உண்மையா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: உண்மை. 1941 ஜனவரி 8 அன்று லெஸ்டர் நகரில், காவல்துறையில் பணியாற்றியவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்து, லண்டன் செயின்ட் பர்த்தலோமியூ மருத்துவமனையில் பயிற்சி பெற்றுத் தகுதியடைந்தார். ஆனால் கேம்பிரிட்ஜின் ஃபுட்லைட்ஸ் நாடக மன்றமும் அங்கே சந்தித்த ஜான் கிளீஸின் எழுத்துத் துணையும் அவரை வேறு திசையில் இழுத்துச் சென்றன.

அவரும் கிளீஸும் சேர்ந்து எழுதும்போது, நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு யாரும் எதிர்பாராத ஒரு யோசனையைச் சொல்வது சாப்மனின் வழக்கம். கிளிக் குறுநாடகம் அப்படிப் பிறந்ததுதான். அதன் முன்வடிவம் 1968-இல் ‘ஹவ் டு இரிட்டேட் பீப்பிள்’ என்ற நிகழ்ச்சியில் வந்தது. பழுதான காரைப் பற்றி எந்தப் புகாரையும் ஏற்காத விற்பனையாளராகப் பேலினும், புகார் சொல்லும் வாடிக்கையாளராகச் சாப்மனும் நடித்தார்கள். பைத்தானுக்காக அதை மாற்றி எழுதியபோது, காரின் இடத்தில் கிளியை வைக்கலாம் என்றவர் சாப்மன்.

திரையில் விதிகளின் காவலராக நின்ற இவர், சொந்த வாழ்க்கையில் மரபுகளுக்கு அஞ்சாதவர். தாம் ஒருபாலீர்ப்பு கொண்டவர் என்பதை, வெளிப்படையாகச் சொல்வது எளிதாக இல்லாத அந்த நாட்களிலேயே மறைக்காமல் வாழ்ந்தார். 1972-இல் தொடங்கப்பட்ட ‘கே நியூஸ்’ இதழுக்கு உதவியும் செய்தார். மதுப் பழக்கம் அவரைப் பல ஆண்டுகள் ஆட்டிவைத்தது. 1975-இல் வெளிவந்த ‘மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்’ படப்பிடிப்பில் அது எல்லாருக்கும் தெரியும் அளவுக்கு முற்றியிருந்தது. பிறகு அதை முற்றிலும் கைவிட்டு, துனிசியாவில் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படமானபோது நாயகனாக நடித்ததோடு, படக் குழுவினருக்கு மருத்துவமும் பார்த்தார்.

இந்த இரண்டு படங்களிலும் அவருக்குக் கிடைத்த வேடங்களைக் கவனித்தால் கர்னலின் அருமை புரியும். ஆர்தர் மன்னர், பிரையன் இருவருமே தம்மைச் சுற்றி உலகம் நிலை தடுமாறும்போது அதை அறிவுக்குப் பொருந்தும்படி கையாளப் பாடுபடும் மனிதர்கள். குதிரை இல்லாமல், உதவியாளன் தேங்காய் ஓடுகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்ப, ஓடி வரும் ஆர்தரின் முகத்தில் மன்னருக்குரிய கம்பீரம் சிறிதும் குறைவதில்லை. ஆறு பேரில் இத்தகைய வேடத்துக்கு ஏற்றவர் சாப்மன்தான் என்று குழு அறிந்திருந்தது. கிளீஸின் கோபம் வெடிக்கும். பேலினின் முகத்தில் ஒரு நட்பு எப்போதும் தெரியும். சாப்மன் மட்டுமே, தமக்கு எதுவும் வேடிக்கையாகத் தோன்றவில்லை என்று பார்ப்பவரை முழுமையாக நம்ப வைப்பார்.

புற்றுநோயால் 1989 அக்டோபர் 4 அன்று, 48 வயதில் இறந்தார். மறுநாள் அந்த நிகழ்ச்சி தொடங்கிய இருபதாவது ஆண்டு நிறைவு.

கேள்வி: ஸ்ட்ரெய்ட் மேன் வேடத்துக்குப் பைத்தான் தவிர வேறு நல்ல எடுத்துக்காட்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் உண்டா?
– சேலம் வாசகர்

பதில்: எரிக் மோர்கம், எர்னி வைஸ் என்ற நகைச்சுவை இணையைச் சொல்ல வேண்டும். வைஸ் பழைய பாணி ஸ்ட்ரெய்ட் மேனாகத்தான் தொடங்கினார். 1969 முதல் அவர்களுக்கு எழுதிய எடி பிரேபன், வைஸைத் தம்மை மாபெரும் நாடகாசிரியராக நம்பும் பெருமைக்காரராக மாற்றி, அந்த வேடத்துக்கே தனிக் குணம் கொடுத்தார்.

ஆனால் அந்த நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த ஸ்ட்ரெய்ட் மேன் நடிகரே அல்லர். 1971 கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிக்கு, லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் ஆந்த்ரே பிரெவின் விருந்தினராக வந்தார். இசையமைப்பாளர் கிரீகின் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை) மோர்கம் வாசிக்கப்போகிறார் என்பதை, அவர் வந்த பிறகுதான் சொல்வார்கள். இசைக்குழுவை நடத்தும் கோல் எங்கே என்ற பேச்சில், அது சிகாகோவில் இருக்கிறது என்று பிரெவின் துளியும் புன்னகைக்காமல் சொன்னபோது அரங்கம் சிரித்தது. பிறகு மோர்கம் கண்டபடி வாசிக்க, எல்லா ஸ்வரங்களும் தவறு என்று பிரெவின் சொல்ல, ஸ்வரங்கள் எல்லாம் சரிதான், வரிசைதான் முன்னே பின்னே இருக்கலாம் என்று மோர்கம் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு விளக்குவார். உலகப் புகழ்பெற்ற இசைக் கலைஞர் அந்த நேரத்தில் தம் தொழிலின் கௌரவத்தோடு கண்டிப்பாக நின்றதால்தான் அந்த வசனம் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறது.

கேள்வி: கர்னல் ஏன் எல்லாப் பகுதிகளிலும் வருவதில்லை?
– புதுச்சேரி வாசகர்

பதில்: வந்திருந்தால் அவர் எப்போது வருவார் என்று பார்வையாளர்கள் காத்திருக்கத் தொடங்கியிருப்பார்கள், எதிர்பார்க்கப்படும் நிறுத்தம் நிறுத்தமே அல்ல. முத்தாய்ப்பிலிருந்து தப்பிக்க வந்தவரே முத்தாய்ப்பாக மாறிவிடக் கூடாது என்பதில் எழுதியவர்கள் கவனமாக இருந்தார்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட வேடத்தைப் பயிற்சி செய்ய ஏதேனும் வழி சொல்லுங்கள்.
– திருநெல்வேலி வாசகர்

பதில்: அந்த எட்டாவது பகுதியை முதலில் முழுவதுமாகப் பாருங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது ஒலியை நிறுத்திவிட்டுச் சாப்மனை மட்டும் கவனியுங்கள். காட்சியை நிறுத்தும் கணத்தில் அவர் பார்வை எதிரில் இருப்பவரை விட்டு விலகிக் கேமராவுக்கு வருகிறது. ஆனால் சிரிப்பை எதிர்பார்த்து அங்கே தங்குவதில்லை. வேலையை ஒப்படைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது.

பிறகு உங்கள் குழுவில் ஒருவரை விருப்பம்போல் எதையாவது செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒரே ஒரு பணியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு விண்ணப்பத்தை நிரப்பி முடிக்க வேண்டும், ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும், ஒரு பூட்டைத் திறக்க வேண்டும், ஏதாவது ஒன்று. எதிரில் இருப்பவர் செய்வது அந்தப் பணிக்கு இடையூறு என்பது மட்டுமே உங்களுக்குத் தெரிந்தால் போதும். அது வேடிக்கையானது என்பது உங்களுக்குத் தெரியவே கூடாது. சிரிப்பு வந்துவிட்டால் நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள். பணி உண்மையிலேயே முடியும் வரை பயிற்சியை விடாதீர்கள்; விண்ணப்பம் என்றால் கடைசிக் கட்டம் வரை எழுத்துப் பிழையில்லாமல் நிரம்பியிருக்க வேண்டும்.